பெரிய நாடு தூர தேசத்துப் போர்ல ஏன் மாட்டிக்குது? போர் செய்தியை எப்படிப் படிக்கணும்னு ஒரு வழிகாட்டி

போர் செய்தி வந்தா நம்மாளுங்க கேக்கறது ரெண்டே கேள்விதான், யாருகிட்ட எத்தனை டாங்க் இருக்கு, யாரு எந்த ஊரைப் புடிச்சாங்க. கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்து டீக்கடையிலயும் இதே பேச்சு, தர்மபுரில குரூப் எக்ஸாமுக்கு உக்காந்து படிக்கற பசங்ககிட்டயும் இதே பேச்சு. அந்தக் கணக்குப்படி பார்த்தா அமெரிக்கா வியட்நாம்ல ஜெயிச்சிருக்கணும், சோவியத் யூனியன் ஆப்கானிஸ்தான்ல ஜெயிச்சிருக்கணும், பிரான்ஸ் அல்ஜீரியாவ விட்டிருக்கவே கூடாது. மூணுமே நடக்கலை. நீண்ட போர்ல யாருக்கு பலம் அதிகம்ங்கறத விட, யாரால அங்கயே கடைசி வரைக்கும் இருக்க முடியும், அந்த இருப்புக்கு யாரு காசு கட்டறாங்க, இந்த ரெண்டும்தான் முடிவு பண்ணுது. இத மனசுல வெச்சுகிட்டு செய்தி படிக்கறது எப்படின்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். ஒரு நோட்டும் ஒரு நல்ல மேப்பும் இருந்தா போதும்.

முதல்ல நோட்டுல எழுத வேண்டியது, இந்தச் சண்டை யாரோட வீட்டு வாசல்ல நடக்குதுங்கறது. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா பாதி விஷயம் இதுலயே இருக்கு. நம்ம மாவட்டங்கள்ல எத்தனையோ நடுகல் இருக்கு, தர்மபுரி மியூசியத்துலயே வரிசையா வெச்சிருக்காங்க, போய் ஒரு தடவை நிதானமா பாருங்க. கையில வில்லு, உடம்புல அம்பு தைச்சிருக்கும், பக்கத்துல மாடு. ஊர் மாட்ட எதிரி ஓட்டிட்டுப் போனப்ப மீக்கப் போய் செத்தவன். அவன் சம்பளத்துக்கு சண்டை போடல, தோத்தா போக அவனுக்கு வேற ஊரும் இல்ல. எதிர்ல வந்தவனுக்கு திரும்பிப் போக ஊர் இருக்கு. வியட்நாம்லயும் இதேதான் நிலைமை. அமெரிக்க சிப்பாய் பெரும்பாலும் ஒரு வருஷம் இருந்துட்டு ஊருக்குப் போயிடுவான், அவன் என்னைக்கு வீட்டுக்குப் போவோம்னு நாள் எண்ணிகிட்டு இருப்பான், எதிர்ல இருக்கறவனுக்கு சண்டை முடியற வரைக்கும் லீவே கிடையாது. 1969-ல அங்க அமெரிக்கப் படை 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல இருந்துச்சு, அத்தனை பேர் இருந்தும் 1973-ல கிளம்பிட்டாங்க, 1975 ஏப்ரல் 30-ல அவங்க ஆதரிச்ச தெற்கு வியட்நாமோட தலைநகர் சைகான் விழுந்துச்சு. 2001-லருந்து 2021 வரைக்கும் அமெரிக்கப் படை இருந்த ஆப்கானிஸ்தான்லயும் ஆளுங்க மாறிகிட்டே இருந்தாங்க, ஒரு மாவட்டத்துல எந்தப் பெரியவர் யாருக்கு சொந்தம், எந்தத் தண்ணி வாய்க்கால் தகராறுல யாரு யாருக்கு ஆகாதுன்னு ஒரு அதிகாரி கத்துகிட்டு முடிக்கறதுக்குள்ள அவருக்கு மாறுதல் வந்துரும், அடுத்தவர் மறுபடி அ-லருந்து ஆரம்பிப்பார்.

அடுத்தது ரோடு. செய்தில எந்த ஊர் பேர் வந்தாலும் உடனே மேப்பத் திறந்து அந்தப் படைக்கு சோறும் டீசலும் குண்டும் எந்த வழியா வருதுன்னு விரல் வெச்சுப் பாருங்க. தொப்பூர் கணவாய்ல ஒரு லாரி கவுந்தா சேலம் பக்கம் எவ்வளவு தூரத்துக்கு வண்டி நிக்கும்னு நமக்குத் தெரியும், ஒரு லட்சம் பேர் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் அந்த மாதிரி ரெண்டே ரெண்டு கணவாய் ரோடுதான்னா எப்படி இருக்கும்னு யோசிங்க. ஆப்கானிஸ்தானுக்குக் கடலே கிடையாது. அமெரிக்கப் படைக்கு சரக்கு கராச்சி துறைமுகத்துல இறங்கி பாகிஸ்தானோட தோர்க்கம், சமன் எல்லை வழியா லாரில போக வேண்டியிருந்துச்சு. 2011 நவம்பர்ல நேட்டோங்கற அமெரிக்கக் கூட்டணிப் படையோட விமானம் தாக்கி 24 பாகிஸ்தான் வீரர்கள் செத்தாங்க, பாகிஸ்தான் ரோட்ட மூடிருச்சு, 2012 ஜூலை வரைக்கும் திறக்கலை. உலகத்துலயே பலமான ராணுவம், வடக்கால மத்திய ஆசியா வழியா சுத்திகிட்டு அதிக செலவுல சரக்கு கொண்டு போச்சு.

இது புதுசும் இல்ல. முதல் ஆப்கான் போர்ல பிரிட்டிஷ்காரங்க காபூல்ல உக்காந்திருந்தப்ப, மலைக் கணவாய காவல் காத்த கில்சாய் கூட்டத்துக்கு வருஷா வருஷம் பணம் குடுத்துகிட்டு இருந்தாங்க. 1841-ல செலவைக் குறைக்கறேன்னு அந்தப் பணத்தக் குறைச்சாங்க, கணவாய் மூடிகிச்சு. 1842 ஜனவரி 6-ந்தேதி காபூல்லருந்து கிளம்பினது சுமார் 4,500 சிப்பாய்ங்க, கூட சுமார் 12,000 பேர் வேலைக்காரங்க, பொம்பளைங்க, குழந்தைங்க. ஒரு வாரம் கழிச்சு ஜலாலாபாத் கோட்டைக்குக் குதிரைல வந்து சேர்ந்தது பிரைடன்னு ஒரு டாக்டர். அப்புறம் கொஞ்சம் பேர் தப்பி வந்தாங்க, கைதியா இருந்தவங்க சிலர் மீண்டாங்க, மத்தவங்க பனியிலயும் கத்தியிலயும் போயிட்டாங்க. அந்த சிப்பாய்கள்ல பெரும்பாலானவங்க இந்தியாக்காரங்க, அவங்க பேரு எங்கயும் பெருசா எழுதப்படலைங்கறது எனக்கு இப்பவும் வலிக்குது.

இந்த ரோட்டுக் கணக்கு புரியணும்னா நம்ம மண்ணுலயே ஒரு பாடம் இருக்கு, இத நான் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. காரன்வாலிஸ்னு ஒரு பிரிட்டிஷ் தளபதி. 1781 அக்டோபர் 19-ல அமெரிக்க சுதந்திரப் போர்ல, யார்க்டவுன்ங்கற ஊர்ல மொத்தப் படையோட சரணடைஞ்சவர். பத்து வருஷம் கழிச்சு அதே ஆளு இந்தியாவுல கவர்னர் ஜெனரலா திப்பு சுல்தான் மேல படை எடுத்துட்டு வர்றார். 1791 மார்ச்சுல பெங்களூர் கோட்டையப் புடிச்சாச்சு, மே 15-ல ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்துல அரக்கெரேல நடந்த சண்டையிலயும் ஜெயிச்சாச்சு. ஆனா மாடுங்க நோய்லயும் பட்டினியிலயும் விழுந்துகிட்டே இருக்கு, மழை ஆரம்பிச்சிருச்சு, அரிசி தீருது, பீரங்கிய இழுக்க மாடு இல்ல. ஜெயிச்ச சண்டை முடிஞ்ச சில நாள்லயே தன்னோட பெரிய பீரங்கிகள தானே உடைச்சுப் போட்டுட்டு பெங்களூர் பக்கம் திரும்பிப் போனார். வழியில எதிர்ப்பட்ட மராத்தாப் படைகிட்ட சாப்பாடு கிடைச்சது, அதுலதான் படை பொழைச்சது.

அதுக்கப்புறம் அவர் பண்ணதப் பாருங்க, நேரா மறுபடி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஓடல. ரோட்டப் புடிச்சார். அதே வருஷம் ஜூலைல ஓசூர், ராயக்கோட்டை ரெண்டும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போச்சு, அதாவது கீழ பாரமகால்லருந்து (நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துக்கு அப்ப இருந்த பேர்) மேல பெங்களூருக்கு ஏறற வழி. லம்பாடிங்க பொதி மாட்டுல தானியம் கொண்டு வர ஏற்பாடு பண்ணார். நவம்பர்ல மேக்ஸ்வெல்ங்கற அதிகாரி கிருஷ்ணகிரி கோட்டைய தாக்கினார், கீழ பேட்டைக்குள்ள புகுந்துட்டாங்க, மேல மலைக்கோட்டைய புடிக்க முடியல, திரும்பிட்டாங்க. அந்தக் கோட்டை இருக்கற சையத் பாஷா மலை ஏறிப் பார்த்தவங்களுக்கு ஏன்னு யாரும் விளக்க வேண்டாம், அந்தப் பாறை செங்குத்தா நிக்கறதப் பார்த்தாலே போதும். ஆனா அந்தக் கோட்டை விழாததால போர் நிக்கல, ஏன்னா ரோடு அவங்க கையில இருந்துச்சு. 1792 மார்ச்சுல திப்பு ஒப்பந்தம் போட்டு பாதி ராஜ்ஜியத்தக் குடுக்க வேண்டியதாச்சு, நம்ம பாரமகாலும் அதுல போச்சு.

ஒரே தளபதி, ஒரே நாட்டுப் படை, ஒரு இடத்துல தோல்வி, ஒரு இடத்துல வெற்றி. ஏன்னு நோட்டுல எழுதுங்க. அமெரிக்காவுல கடல் தாண்டி சரக்கு வரணும், 1781 செப்டம்பர்ல பிரெஞ்சுக் கப்பல் படை யார்க்டவுனுக்குக் கடல் வழியான செசபீக் விரிகுடா வாய மூடிருச்சு, பக்கபலமா நிக்க வேண்டிய வேற அரசு யாரும் இல்ல, ஊர் மக்கள்ல பெரும்பகுதி எதிரா இருந்தாங்க. இங்க பக்கத்து ராஜாங்க, மராத்தாவும் நிஜாமும் ரெண்டு பக்கமும் கம்பெனி கூட நின்னாங்க. இன்னொண்ணு, அத நான் ரொம்ப முக்கியமா நினைக்கறேன். கம்பெனி இங்க புடிச்ச நிலத்துல வரி வசூல் பண்ணி அந்தப் போரோட செலவ இந்த மண்ணுலருந்தே எடுத்துச்சு. பாரமகால் கைக்கு வந்த உடனே அலெக்சாண்டர் ரீட் கலெக்டரா வந்து, கூட தாமஸ் மன்றோவ வெச்சுகிட்டு நிலத்த அளந்து ரயத்துகிட்ட, அதாவது விவசாயிகிட்ட, நேரா வரி போட்டாங்க. நம்ம முப்பாட்டனுங்க கட்டின வரிதான் அவங்களுக்கு அடுத்த போருக்குக் காசு. இன்னைக்குப் பெரிய நாடுங்களால அப்படிப் பண்ண முடியாது, நாட்டைப் புடிச்சு வரி போட்டு உக்கார உலகம் விடாது, அதனால செலவு பூராவும் சொந்த ஊர் ஜனங்க தலைல விழுது. ஆப்கானிஸ்தானுக்கு மட்டும் அமெரிக்கா 2 லட்சம் கோடி டாலருக்கு மேல செலவு பண்ணுச்சு. சொந்த ஊர்ல இருக்கறவன் எத்தனை வருஷம் இதக் கேக்காம இருப்பான்?

அதனால மூணாவதா பாக்க வேண்டியது சொந்த ஊர். பெரிய நாட்டோட எலெக்ஷன் எப்ப வருதுன்னு போர் மேப்புக்குப் பக்கத்துலயே எழுதி வெச்சுக்கோங்க. 1968 ஜனவரி கடைசில வியட்நாம்ல டெட்ங்கற அவங்க புத்தாண்டுப் பண்டிகை சமயத்துல கம்யூனிஸ்டுங்க ஒரே நேரத்துல நூத்துக்கும் மேல ஊர்களத் தாக்கினாங்க. ராணுவக் கணக்குல அவங்களுக்கு அது பெரிய அடி, ஆயிரக்கணக்குல செத்தாங்க, புடிச்ச ஊர்ல எதையும் வெச்சுக்க முடியல. ஆனா போர் முடியப் போகுதுன்னு அதுவரைக்கும் அரசாங்கம் சொல்லிகிட்டு இருந்தத நம்பின அமெரிக்க ஜனங்க, சைகான்ல அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளயே சண்டை நடக்கறத டிவில பார்த்தாங்க, மார்ச் 31-ல ஜனாதிபதி ஜான்சன் மறுபடி போட்டி போடலன்னு அறிவிச்சுட்டார். பிரான்ஸுக்கும் இதேதான், 1957-ல அல்ஜீர்ஸ் நகரத்துல கிளர்ச்சிய சித்திரவதை பண்ணியே அடக்கிட்டாங்க, அந்தச் சித்திரவதைதான் பிரான்ஸ் ஜனங்களையே ரெண்டா பிளந்துச்சு, 1962-ல அல்ஜீரியா சுதந்திரம்.

நாலாவது, செய்தில என்ன எண்ணிகிட்டு இருக்காங்கன்னு கவனிங்க. இன்னைக்கு இத்தனை பேரைக் கொன்னோம், இத்தனை டன் குண்டு போட்டோம்னு எண்ணிக்கை வர ஆரம்பிச்சா சந்தேகப்படுங்க. வியட்நாம்ல பொண எண்ணிக்கைதான் வெற்றிக்கு அளவுகோல்னு வெச்சாங்க, அதிக எண்ணிக்கை காட்டின அதிகாரிக்கு நல்ல பேர், அதனால வயல்ல செத்துக் கிடந்த விவசாயியும் எதிரி கணக்குல சேர்ந்தான். இந்தோசீனா மேல, அதாவது வியட்நாம், லாவோஸ், கம்போடியா மேல, போட்ட குண்டு ரெண்டாம் உலகப் போர் முழுக்க அமெரிக்கா போட்டத விட அதிகம். அந்த எண்ணிக்கை எதுலயும் ராத்திரி ஆனா அந்த ஊர்ல யாரு பேச்சு செல்லும், கொடுக்கல் வாங்கல் தகராறுன்னா ஜனங்க யாருகிட்ட போறாங்கங்கறது இல்ல. ஆப்கானிஸ்தான் செய்தி படிக்கறப்ப நான் தேடினது அதைத்தான். நிலத் தகராறுக்கு அரசாங்கக் கோர்ட்டுக்குப் போனா லஞ்சம், வருஷக்கணக்கா இழுக்கும், தாலிபான் ஆளுகிட்ட போனா ஒரே நாள்ல தீர்ப்புன்னு கிராமத்துக்காரங்க சொல்றத எந்தச் செய்தியில பார்த்தாலும் அந்த மாவட்டம் கைவிட்டுப் போச்சுன்னு எழுதிக்கலாம், கொடி எது பறந்தாலும் சரி.

ஐஞ்சாவது, பெரிய நாடு உக்கார வெச்ச உள்ளூர் அரசாங்கத்துக்கு யாரு சம்பளம் போடறாங்க. சோவியத் படை 1979 டிசம்பர்ல ஆப்கானிஸ்தானுக்குள்ள போய் 1989 பிப்ரவரி 15-ல வெளிய வந்துச்சு, சுமார் 15,000 பேரைப் பறி குடுத்துட்டு. படை போன உடனே அவங்க ஆதரவுல ஆப்கான் ஜனாதிபதியா இருந்த நஜிபுல்லாவோட அரசாங்கம் விழுந்துரும்னு எல்லாரும் சொன்னாங்க, விழல, மூணு வருஷம் நின்னுச்சு, ஏன்னா மாஸ்கோலருந்து காசும் டீசலும் வந்துகிட்டே இருந்துச்சு. 1991 கடைசில சோவியத் யூனியனே இல்லாம போச்சு, 1992 ஏப்ரல்ல நஜிபுல்லா போயிட்டார். அமெரிக்கா வளர்த்த ஆப்கான் படைல பேப்பர்ல 3 லட்சம் பேர், அதுல நிறைய பேர் சம்பளப் பட்டியல்ல மட்டும் இருந்த ஆளுங்க, அதிகாரி அந்தச் சம்பளத்த எடுத்துக்குவார். விமானத்துக்கு ரிப்பேர் பாக்கறது வெளிநாட்டு கான்ட்ராக்டருங்க, 2021-ல அவங்க கிளம்பினதும் விமானம் தரைல நின்னுச்சு, தூர மலை போஸ்ட்ல இருந்த சிப்பாய்க்கு சோறும் தோட்டாவும் போகல, மாசக்கணக்கா சம்பளம் வராதவன் யாருக்காக சாகணும்? ஆகஸ்ட் 15-ல காபூல் விழுந்துச்சு. அந்தப் படையில உண்மையா சண்டை போட்டு செத்தவங்க பத்தாயிரக்கணக்குல இருக்காங்க, அவங்கள கோழைன்னு சொல்றத எங்க கேட்டாலும் எனக்குக் கோபம் வரும்.

இதோட சேர்த்து குறிக்கோள் எத்தனை தடவை மாறுதுன்னு பாருங்க. போர் ஆரம்பிச்ச அன்னைக்கு என்ன காரணம் சொன்னாங்களோ அத அப்படியே தேதி போட்டு எழுதிட்டு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை திரும்ப எடுத்துப் பாருங்க. 2001-ல ஆப்கானிஸ்தானுக்கு அமெரிக்கா அல்கொய்தாவப் புடிக்கணும்னு போச்சு, பின்லேடன் 2011 மே மாசம் பாகிஸ்தான்ல அபோட்டாபாத்துல கொல்லப்பட்டார், போர் இன்னும் பத்து வருஷம் ஓடுச்சு. ஈராக் இன்னும் வேகம், 2003 மே 1-ல பெரிய சண்டை முடிஞ்சுதுன்னு கப்பல்ல நின்னு அமெரிக்க ஜனாதிபதி புஷ் பேசினார், அதே மாசம் 23-ந்தேதி ஈராக் ராணுவத்தயே கலைச்சு உத்தரவு போட்டாங்க, லட்சக்கணக்குல துப்பாக்கி புடிக்கத் தெரிஞ்ச ஆம்பளைங்க ஒரே நாள்ல சம்பளம் இல்லாம வீதிக்கு வந்தாங்க. அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும்.

நம்ம நாடும் இதுல விதிவிலக்கு இல்ல, இத நம்ம பக்கம் பேசாம தாண்டிப் போறாங்க, அது சரியில்ல. 1987 ஜூலை 29-ல இலங்கையோட ஒப்பந்தம் போட்டு இந்திய அமைதிப் படை அங்க போச்சு, அக்டோபர்ல யாழ்ப்பாணத்துல புலிகளோட சண்டையே ஆரம்பிச்சிருச்சு, 1990 மார்ச்சுல கடைசி ஆளும் திரும்பி வந்தாங்க, சுமார் 1,200 வீரர்கள் சாவு, தமிழ் ஜனங்க எத்தனை பேர் செத்தாங்கங்கறது அந்த ஊர்க்காரங்க மனசுல இன்னும் ஆறல. நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி கிராமங்கள்ல பட்டாளத்துக்குப் போனவங்க நிறைய, பர்கூர் பக்கம் அப்படி ஒரு பெரியவர்கிட்ட பேசினப்ப அவர் சொன்னத மறக்க முடியல. "போனப்ப மாலை போட்டாங்க தம்பி, தமிழ்ல பேசறேன்னு என்னயத்தான் எல்லா வீட்டுக்கும் முன்னால அனுப்புவாங்க, அந்த அக்கா தண்ணி குடுத்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு அதே தெருவுல போறேன், கதவ சாத்திட்டாங்க. என்னயப் பார்த்து பயந்து சாத்தினாங்க." மேல சொன்ன எல்லாக் கேள்வியும் இங்கயும் வரும். குறிக்கோள் மாறுச்சு, இலங்கை ராணுவத்தையும் புலிகளையும் பிரிச்சு விடப் போனவங்க ஒரு பக்கத்தோட சண்டை போட்டாங்க. அப்புறம் 1989-ல கொழும்புல இலங்கை ஜனாதிபதி பிரேமதாசாவே வெளிய போங்கன்னார், அவங்க அரசாங்கமே புலிகளுக்கு ஆயுதமும் குடுத்துச்சு. அழைச்ச வீட்டுக்காரரே மாறிட்டா விருந்தாளிப் படை எங்க நிக்கும்?

இங்க ஒரு எச்சரிக்கை. இவ்வளவு படிச்சுட்டு மறைஞ்சிருந்து தாக்கற கொரில்லாப் போராளி எப்பவும் ஜெயிப்பான்னு முடிவுக்கு வந்துராதீங்க, அது இன்னொரு தப்பு. மலாயாவுல (இப்ப மலேசியா) 1948-லருந்து 1960 வரைக்கும் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காரங்களோட நடந்த சண்டைல பிரிட்டிஷ் பக்கம்தான் ஜெயிச்சுது. நம்ம ஜனங்க ரப்பர் எஸ்டேட்ல அந்தச் சண்டைக்கு நடுவுல மாட்டிகிட்டு கஷ்டப்பட்டாங்க. அங்க கிளர்ச்சிக்காரங்க பெரும்பாலும் சீன சமூகத்துலருந்து மட்டும் வந்தவங்க, மலாய் ஜனங்க கூட வரல, ஆயுதம் கொண்டு வர பக்கத்துல நட்பு நாட்டு எல்லை இல்ல, 1957-ல பிரிட்டன் சுதந்திரமே குடுத்துருச்சு, அதனால விடுதலைக்காகன்னு சண்டை போட காரணமே போச்சு. ஜனங்கள இடம் மாத்தி வேலி போட்ட புது கிராமத்துல வெச்சாங்க, அது கொடுமைதான், ஆனா காட்டோரம் பட்டா இல்லாம குடிசை போட்டவங்களுக்கு அங்க நிலம் கிடைச்சுது. அதையே 1962-ல தெற்கு வியட்நாம்ல காப்பி அடிச்சாங்க. அங்க ஜனங்க தலைமுறை தலைமுறையா இருந்த நிலம், தாத்தா பாட்டி சமாதி இருக்கற வயல், அதவிட்டு வேலிக்குள்ள போன்னா யாரு போவா? ஒரே வேலை, ரெண்டு ஊர், ரெண்டு முடிவு. அதனால எந்த உதாரணம் படிச்சாலும் அதுக்கு எதிரா ஒரு உதாரணத்தத் தேடிப் புடிச்சு பக்கத்துல வெச்சுப் பாருங்க, பசங்களுக்கு மெயின்ஸ் எழுதறப்ப இது நேரடியாவே உதவும்.

இன்னொண்ணும் சொல்லணும். சின்ன நாடு ஜெயிச்சுதுன்னு கைத்தட்டறதுக்கு முன்னாடி அதுக்கு குடுத்த விலையையும் அதே பக்கத்துல எழுதுங்க. வியட்நாம்ல அமெரிக்காவுக்கு சாவு 58,000-க்கு மேல, வியட்நாமியர் பத்து லட்சக்கணக்குல செத்தாங்க. அந்த மண்ணுல தெளிச்ச ரசாயனத்தோட பாதிப்ப அடுத்தடுத்த தலைமுறையும் சுமக்குது. ஆப்கானிஸ்தான்ல 1979-ல பொறந்த ஒரு குழந்தை நாப்பது வயசு வரைக்கும் சண்டை இல்லாத காலத்தயே பார்த்திருக்காது. பெரிய நாடு தோத்துப் போனா அங்க ஒரு அரசாங்கம் மாறும், கொஞ்ச வருஷம் விவாதம் நடக்கும், வேலை அது பாட்டுக்கு நடக்கும். தோக்கடிச்ச ஊர்ல கண்ணிவெடி வயல்லயே கிடக்கும்.

எங்கருந்து ஆரம்பிக்கறதுன்னா, இப்ப நடக்கற போர எடுக்காதீங்க, ரெண்டு பக்கமும் பொய் சொல்ற நேரம் அது. முடிஞ்ச போரா எடுங்க. சோவியத் ஆப்கானிஸ்தான் போர ஒரு பக்கம், அமெரிக்க ஆப்கானிஸ்தான் போர எதிர்ப்பக்கம் கோடு போட்டு எழுதுங்க, ஒரே நாடு, ஒரே மலை, பாகிஸ்தான் எல்லையும் அதேதான், ஆனா ரெண்டு வேற வேற வல்லரசு. வீட்டு வாசல் யாரோடது, ரோடு எது, சொந்த ஊர்ல என்ன பேசறாங்க, எதை எண்றாங்க, சம்பளம் யாரு போடறாங்க, குறிக்கோள் எப்ப மாறுச்சுன்னு ரெண்டு பக்கமும் நிரப்புங்க. எந்த வரில ரெண்டும் ஒத்துப் போகுது, எதுல போகலைன்னு அடிக்கோடு போட்டுக்கோங்க. அது முடிஞ்ச பிறகு இன்னைக்குப் பேப்பர எடுத்து அதே ஆறு கேள்விய கேளுங்க, பதில் கிடைக்காத கேள்விக்கு நேரா கோடு போட்டு காலியா விட்டுருங்க, அடுத்த மாசச் செய்தியில அந்தக் காலி இடத்துக்குத்தான் பதில் தேடணும்.